பாடபேதமாக ஒரு பிளாஸ்டிக் சிப்பாய்: சேகரிப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

பொம்மை சேகரிப்பது பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். அதிலும் அமெரிக்க விஞ்ஞானப் புனைவுத் தொடர் ஒன்றின் பிளாஸ்டிக் சிப்பாய் என்றால் கேட்கவே வேண்டாம். ‘வேலையத்த வேலை’ என்று ஒரு வரி, ‘ஏகாதிபத்திய நுகர்வுப் பண்பாடு’ என்று இன்னொரு வரி. விவகாரம் முடிந்தது. இந்த இரண்டு வரிகளுமே ஓரளவு சரிதான். ஆனால் ஒரு பொருளை அதன் பிறப்பிடத்தை வைத்து மட்டுமே தீர்த்துவிடலாம் என்கிற நம்பிக்கை நமக்கு வேறு எந்த விஷயத்திலும் கிடையாது. மனிதர்கள் விஷயத்தில் அப்படிச் செய்பவர்களை எதிர்த்துத்தான் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பொம்மை விஷயத்தில் மட்டும் ஏன்?

‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ.ஜோ என்கிற சிப்பாய்ப் பொம்மையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு சங்கடம் இருந்தது. சட்டை மாற்றி விளையாடும் பொம்மை பெண்பிள்ளைகளுக்கானது என்று அமெரிக்கத் தகப்பன்மார் கருதினார்கள். எனவே பொம்மை என்ற சொல்லே விளம்பரத்தில் வரக்கூடாது என்று முடிவு செய்து, ‘செயல் உருவம்’ என்று பொருள்படும் இந்தப் புதுச்சொல்லைக் கண்டுபிடித்தார்கள். ஆண்மையின் பதற்றத்திலிருந்து பிறந்த கலைச்சொல் இது. தமிழில் இந்தப் பிரச்சினை எழவில்லை. அய்யனார் கோயில் மண்குதிரையும் பொம்மைதான், கொலுப்படியில் இருக்கும் செட்டியாரும் பொம்மைதான், தலையாட்டியும் பொம்மைதான். ‘ஆம்பளப் புள்ளைக்குப் பொம்மையா’ என்கிற கேலி இங்கும் உண்டு என்றாலும், சொல்லைக் கைவிடுகிற அளவுக்கு அது போகவில்லை.

1978இல் கென்னர் நிறுவனம் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காகச் சுமார் மூன்றேமுக்கால் அங்குல உயரத்தில் பொம்மைகளைப் போட்டது. விண்கலத்துக்குள் உட்கார வைக்க வேண்டுமென்றால் ஆள் சிறியவனாக இருக்க வேண்டும். அதோடு எண்ணெய் விலை ஏறிய காலத்தில் பிளாஸ்டிக் மிச்சம். இந்த அளவு வெற்றி பெற்றதும் ஹாஸ்ப்ரோ 1982இல் ஜி.ஐ.ஜோவை அதே உயரத்துக்குக் குறுக்கி, லேசர் துப்பாக்கி, எந்திர மனிதர்கள், உலகை வளைக்க நினைக்கும் ‘கோப்ரா’ என்கிற எதிரிக் கூட்டம் எல்லாம் சேர்த்து, ஒரு விஞ்ஞானப் புனைவாகவே மறு அவதாரம் எடுக்க வைத்தது. வியட்நாமில் பட்ட அடியை ரீகன் காலத்துப் பையன்களின் படுக்கையறையில் ஈடுகட்டிய ஏற்பாடு என்று இதைப் படிக்கலாம். அப்படிப் படித்தும் இருக்கிறார்கள். அது நமக்குப் பழக்கமான வாசிப்பு என்பதால் இங்கே நிற்க வேண்டியதில்லை.

நான் நிற்க விரும்புவது அடுத்த இடத்தில். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., டயர் செய்து பெரிய ஆளாகி, 1987இல் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஃபன்ஸ்கூல் என்கிற பொம்மைக் கம்பெனியைத் தொடங்கியது. தொழிற்சாலை கோவாவில். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற அச்சுகள் இங்கே வந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்தன. அதே உடல், அதே முகம்; நிறம் மட்டும் வேறு. பச்சையாக இருக்க வேண்டிய கால்சட்டை இங்கே மஞ்சளாகும், கறுப்பு நீலமாகும். கையில் இருந்த பிளாஸ்டிக்கையும் வண்ணத்தையும் வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள் என்று சேகரிப்பாளர்கள் ஊகிக்கிறார்கள். இந்த நிற வேறுபாடுகளுக்காகத்தான் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் இன்றைக்கு இந்தியச் சிப்பாய்களைத் தேடுகிறார்கள். மேட்டல் நிறுவனத்தின் ‘ஹீ-மேன்’ வரிசையை இங்கே வெளியிட்ட லியோ டாய்ஸின் பொம்மைகளுக்கும் இதே கதைதான்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த ஆட்களின் பட்டியல்களைப் பார்த்தால் உடனே ஒன்று ஞாபகம் வரும்: பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பு. மூலபாடம் ஒன்று, அதன் கீழே சிறிய எழுத்தில் பாடபேதங்கள். இன்ன ஏட்டில் இன்ன சொல், ஏடெழுதியவர் பிழை என்று தோன்றுகிறது, இன்ன வரி சில ஏடுகளில் இல்லை. சேகரிப்பாளர்களும் அப்படியே செய்கிறார்கள். அமெரிக்க வெளியீடு மூலபாடம். பிரேசில், அர்ஜென்டினா, இந்தியா எல்லாம் பாடபேதம். எத்தனை அபூர்வமானதாக இருந்தாலும், எத்தனை விலை போனாலும், கோவாவில் வார்த்த சிப்பாய் ஒருநாளும் மூலபாடம் ஆக முடியாது. அவனுடைய மதிப்பே அவன் எதிலிருந்து விலகியிருக்கிறான் என்பதில் இருக்கிறது. மூன்றாம் உலகத்தை மையம் எப்போதும் இப்படித்தான் நேசித்து வந்திருக்கிறது.

குன்னூரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் முப்பது நாற்பது உருப்படிகள் தேறும். அப்பா ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர், இந்துநகர்க் குடியிருப்பில் வளர்ந்தவர். ஊட்டி சேரிங்கிராஸ் கடையொன்றில் போனஸ் சமயத்தில் வாங்கித் தந்த ‘ஸ்ட்ரீட் ஹாக்’தான் அவருடைய கைக்கு வந்த முதல் பொம்மை. இந்தப் பொம்மையின் வரலாறு சுவையானது. ‘ஸ்ட்ரீட் ஹாக்’ 1985இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடர்: அசுர வேகத்தில் போகிற மோட்டார் சைக்கிள், அதில் ரகசியமாகக் குற்றவாளிகளைத் துரத்துகிற ஒருவன். 13 அத்தியாயத்தோடு அங்கே ஊத்தி மூடிவிட்டார்கள். அதே தொடர் தூர்தர்ஷனில் வந்தபோது இங்கே பிள்ளைகள் பைத்தியமானார்கள். ஃபன்ஸ்கூல் சும்மா இருக்குமா? ஜி.ஐ.ஜோ வரிசைக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒருவனைச் சேர்த்துவிட்டது. அமெரிக்க ஜி.ஐ.ஜோவில் அப்படி ஒரு ஆளே கிடையாது. பதிப்பாசிரியர் மொழியில் சொன்னால் இது சுத்தமான இடைச்செருகல்.

இடைச்செருகல் என்றாலே நம் பேராசிரியர்களுக்கு அருவருப்பு. ஆனால் இடைச்செருகல் என்பது வாசகன் பிரதிக்குள் நுழைந்த தடம். வாய்மொழி மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தோற்றுப்போன அமெரிக்கத் தொடர் ஒன்றை இந்தியக் குழந்தைகளின் விருப்பம் அமெரிக்க ராணுவத்தின் பட்டியலுக்குள் செருகியிருக்கிறது. அதைக் கம்பெனி காசாக்கியது என்பது உண்மை. கம்பெனியின் லாபக் கணக்கோடு அந்த விருப்பத்தின் கதை முடிந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி. ‘எங்களுக்கு ஜி.ஐ.ஜோன்னா ஸ்ட்ரீட் ஹாக்தான் தம்பி. மத்தவனெல்லாம் அவனுக்குத் துணைக்கு வந்தவன்’ என்றார் அண்ணன். அவருக்கு அதுவே மூலபாடம். அமெரிக்கப் பொம்மைகளை அவர் பார்த்தது பிற்பாடு, கணினித் திரையில். அவருக்கு அவைதான் நிறம் மாறிப்போன பொம்மைகளாகத் தெரிந்தனவாம்.

அவர் வீட்டில் பொம்மைகளை வைத்திருக்கும் முறையைச் சொல்ல வேண்டும். நீலகிரியில் எதைச் சேகரித்தாலும் முதல் எதிரி ஈரம். மழைக்காலத்தில் செருப்பில் பூசணம் பிடிக்கும், புத்தகத்தில் பிடிக்கும், நாற்காலித் தோலில் பிடிக்கும். மர அலமாரிக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்பு எரிகிறது. செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கி அடுக்கியிருக்கிறார். ஜி.ஐ.ஜோவின் உடற்கூறு இதற்கு ஒரு காரணம். நெஞ்சு இரண்டு பாதியாக வார்க்கப்பட்டு முதுகில் ஒரு திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கும். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதுதான் கால்களை இழுத்துப் பிடித்து இடுப்போடு சேர்க்கிறது. அந்த வளையத்தால்தான் அவன் திரும்புகிறான், மண்டியிடுகிறான், உட்காருகிறான். முப்பது வருஷத்தில் ரப்பர் இற்றுப்போகும். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் உலகைக் காக்கிற வீரன் இரண்டு துண்டாகக் கிடப்பான். திருகாணியில் துரு ஏறியிருந்தால் திறக்கவும் முடியாது. அண்ணன் குழாய்ச் சாமான் கடையில் அளவு பார்த்து வாசர் வாங்கி மாட்டுகிறார். ‘அசல் வளையம் போனா மதிப்புக் குறையாதாண்ணே?’ என்று கேட்டேன். ‘அதெல்லாம் டயர் மாதிரி. தேய்ஞ்சா மாத்த வேண்டியதுதான்’ என்றார். டயர்க் கம்பெனி செய்த பொம்மைக்குப் பொருத்தமான பதில்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவரிடம் முதலில் கேட்பது அட்டை இருக்கிறதா என்றுதான். உறை பிரிக்கப்படாமல் அட்டையோடு இருக்கிற பொம்மைக்கு ஒரு விலை, பிரித்ததற்கு வேறு விலை. அட்டையின் பின்பக்கம் அந்த வீரனின் பதவி, பெயர், பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். வழக்கமாக ஊர் ஏதாவது ஒரு அமெரிக்க ஊர்.

சேகரிப்பின் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். போபா ஃபெட் என்பவன் ‘ஸ்டார் வார்ஸ்’ கதையில் வரும் கூலிக்கு ஆள்பிடிப்பவன். 1979இல் அவனுடைய முதுகிலிருந்து சின்ன ராக்கெட் பாய்கிற மாதிரி ஒரு பொம்மையைக் கென்னர் திட்டமிட்டது. அந்தச் சமயத்தில் வேறொரு கம்பெனியின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த துண்டு தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்துபோனான். கென்னர் பயந்து, ராக்கெட்டை ஒட்டிவிட்டுத்தான் கடைக்கு அனுப்பியது. கடைக்கு வராமல் போன மாதிரிகள் சில தப்பிப் பிழைத்தன. அவற்றுள் ஒன்று 2024இல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. உலகத்திலேயே மிக அதிக விலைக்குப் போன பொம்மைகளில் ஒன்று எந்தக் குழந்தையும் தொடாத பொம்மை, தொடக்கூடாது என்று நிறுத்தப்பட்ட பொம்மை. பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் உள்ள உறவை விளக்க வகுப்பெடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

5,25,000 என்கிற எண்ணை நீலகிரியில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அது வேறொன்றாகவும் தெரியும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத்திலிருந்து இந்தியா ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன மனிதர்களின் எண்ணிக்கை அதுவே: 5,25,000 பேர். 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். எண் பொருந்தியது தற்செயல். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏலச் செய்தியைப் படித்த அன்று அந்த எண்ணை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவைதான் பின்னால் டான்டீ ஆயின. அண்ணனின் அம்மா வழி அந்தக் கப்பலில் வந்த வழி. அப்பா வழியில் இந்துநகர் குவார்ட்டர்ஸ், அம்மா வழியில் தோட்டத்து லயம். அவருக்கு ஸ்ட்ரீட் ஹாக் கிடைத்தது முதல் வழியால். லயத்தில் இருந்த மாமா பிள்ளைகளுக்கு அது லீவுக்கு வரும்போது பார்த்துவிட்டுப் போகிற சாமான். ‘தொடவே விட மாட்டேன், அவ்ளோ திமிரு’ என்று சிரித்தார்.

நீலகிரியில் உருவங்களைச் சேகரிப்பதற்கு இதைவிட நீண்ட வரலாறு இருக்கிறது. மலை உச்சிகளில் கல்வட்டங்கள் உண்டு. அவற்றுக்குள் மண்பானைகள், அவற்றின் மூடிகள் மீது சின்னச்சின்ன மண் உருவங்கள்: எருமை, சிறுத்தை, பறவை, குதிரை மேல் ஆள். சில எருமைகளின் கழுத்தில் மணிகூட இருக்கிறது. 1840களில் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி தோண்டினார். தோடர்கள் சிதிய இனத்தவர் என்று ஒரு கற்பனையையும் கூடவே தோண்டி எடுத்தார். 1868இல் நீலகிரிக்கு முதல் கமிஷனராக வந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இன்னும் முறையாகத் தோண்டினார். அவர் 1872இல் இறந்தார். தொல்குடிகளையும் நினைவுச்சின்னங்களையும் பற்றிய அவருடைய நூல் 1873இல் வெளிவந்தது. ஊட்டியில் அவர் பெயரால் ஒரு பள்ளி இருக்கிறது. மண் உருவங்களோ எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. அவற்றை யார் செய்தார்கள் என்கிற வாதம் இன்றுவரை முடியவில்லை. தோண்டியவரின் பெயர் பள்ளிக்கூட வாசலில். செய்தவரின் பெயர் எங்கும் இல்லை.

அந்த எருமை பூமிக்குக் கொடுக்கப்பட்டது. யாரும் மறுபடி பார்க்கக்கூடாது என்பதே அதன் பயன். அய்யனார் கோயில் புரவியும் அப்படித்தான்: வெயிலில் மழையில் கரைந்துபோவதற்கென்றே வைக்கப்படுவது, உடைந்தால் யாரும் ஒட்டவைப்பதில்லை, நேர்ந்துகொண்டு இன்னொன்று வைப்பார்கள். சேகரிப்பு என்கிற செயல் இந்த இரண்டின் மீதும் எதிர்த் திசையிலிருந்து பாய்கிறது. ‘ஏக்கம் குறித்து’ என்கிற 1984ஆம் வருட நூலில் சூசன் ஸ்டூவர்ட் சொல்வதை இங்கே நினைக்கலாம்: சேகரிப்பு ஒரு பொருளின் தோற்றத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் வகைப்பாட்டை வைக்கிறது. பிரீக்ஸின் எருமைக்கும் ஃபன்ஸ்கூல் சிப்பாய்க்கும் இந்த அளவில் வித்தியாசமில்லை. இரண்டுக்கும் வரிசை எண் உண்டு, செய்த கை இல்லை. கோவாத் தொழிற்சாலையில் முகத்துக்குப் புருவம் போட்டவர் யார், அவருக்கு நாளுக்கு எத்தனை முகம் என்பதை எந்தச் சேகரிப்பாளர் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. நிறம் எப்படி மாறியது என்று பக்கம் பக்கமாக விவாதிக்கிறவர்கள், அந்த நிறத்தைத் தெளித்தவரைக் கேட்டால் தெரிந்துவிடுமே என்று யோசித்ததாகவும் தெரியவில்லை.

இதோடு முடித்தால் பிரீக்ஸையும் குன்னூர் அண்ணனையும் ஒரே கழுவில் ஏற்றியதாகும். அது அநியாயம். வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து பிரித்துக்கொண்டே எழுதிய கட்டுரையில் சேகரிப்பாளனுக்கு வேறொரு முகம் இருக்கிறது. பொருள்மீது அவனுக்கு இருப்பது உடைமை உறவுதான், ஆனால் அந்த உறவில் பயனைவிட ஞாபகம் பெரிது. பொருளின் விதி முழுவதும் அவன் கையில் விரிகிறது. போத்ரியா 1968இல் இதையே கசப்பாகப் பார்த்தார்: சேகரிக்கிறவன் கடைசியில் தன்னையே சேகரிக்கிறான் என்று. இரண்டுமே முதல் உலகத்து வீடுகளை வைத்துச் சொல்லப்பட்டவை. குன்னூரில் கதை இன்னும் சிக்கலானது. அண்ணன் சேகரிக்கிற வரிசையில் ஒரு சிப்பாய் அமெரிக்கன், அவனுடைய சட்டை கோவா, பெயர் தூர்தர்ஷன், இடுப்பு வளையம் குன்னூர் மார்க்கெட். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் நிஜமாகவே இருக்கிற மலையில், பிள்ளைகள் பிளாஸ்டிக் அமெரிக்கனை வைத்துச் சண்டை விளையாடினார்கள். சண்டையில் ஸ்ட்ரீட் ஹாக் தேயிலைப் புதருக்குள் ஒளிவான். எதிரி கீழே சாலையில். இந்த விளையாட்டைக் கோட்பாடாக்க 1957இல் ரோலான் பார்த் பிரெஞ்சுப் பொம்மைகளைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை போதாது. பெரியவர்களின் உலகத்தைச் சின்னதாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்து அவர்களைப் பயனாளிகளாக்குகிறார்கள் என்றார் அவர். கொடுக்கிறவர் பக்கம் அது சரி. வாங்குகிறவர் பக்கம் என்ன நடக்கிறது என்பதை அவர் பார்க்கவில்லை.

நம் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம். ‘எழுத்து’ முழுத் தொகுதி வைத்திருக்கிறேன், ‘கசடதபற’ முதல் இதழ் இருக்கிறது என்று சொல்லும்போது நம் குரலில் வருகிற தொனிக்கும், அட்டை பிரிக்காத பொம்மை வைத்திருப்பவன் தொனிக்கும் என்ன வித்தியாசம்? கடன் கேட்டால் தருவோமா? கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, 1992இல் இறக்கும் வரை கண்ணில் பட்ட தமிழ் அச்சையெல்லாம் சேர்த்தார். பண்டிதர் தொடாத பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் அதில் அடக்கம். அவருடைய சேகரத்தைக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான நூலகம் இல்லையென்றால் இன்றைக்கு நம் ஆய்வுகளில் பாதி கிடையாது. அவரும் ஊர்க்காரர்களுக்கு வேலையத்த வேலை செய்தவராகத்தான் தெரிந்திருப்பார். எதைச் சேகரிப்பது தகும் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்கிற அதிகாரம்தான் ஆபத்தானது. அது பல்கலைக்கழகத்திடம் இருந்தாலும் சரி, கட்சியிடம் இருந்தாலும் சரி.

அண்ணன் வீட்டில் பொம்மை அலமாரிக்கு மேலே ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா இருக்கிறது. பல்பு வெளிச்சம் அதற்குக் கிடையாது. உள்ளே அவருடைய அம்மாச்சியின் குடும்ப அட்டை: கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது, குடும்பத்தார் பெயர்களோடு. மலைக்காரர்களுக்கு அட்டை என்றால் ரத்தம் குடிக்கிறது என்பதும் ஒரு அர்த்தம். அம்மாச்சி அதைச் சொல்லிச் சிரிப்பாராம். அதற்கடியில் தோட்டத் தொழிற்சங்கங்களின் துண்டறிக்கைகள், சைக்ளோஸ்டைல் செய்தவை, மடிப்பில் கிழிந்தவை, சிலவற்றின் பின்பக்கம் மளிகைக் கணக்கு. பூசணம் ஏறத் தொடங்கிவிட்டது. ‘இதைக் கேட்டு யாரும் வரலியே தம்பி’ என்றார். பொம்மையின் பேரில் வாரத்துக்கு ஒருவர் விசாரிக்கிறார்களாம்.

டப்பாவை அலமாரிக்குள் வைக்கச் சொன்னேன். இடமில்லை என்று நான்கு சிப்பாய்களை வெளியே எடுத்தார், ஸ்ட்ரீட் ஹாக்கை மட்டும் எடுக்கவில்லை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்து வாசகர்கள் வீடுகளிலும் இந்த மாதிரி டப்பாக்கள் இருக்கும். குடும்ப அட்டை, மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு, சங்க நோட்டீஸ், எதுவானாலும் மழைக்கு முன்னால் பிரித்து, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றுக்கும் இடையில் வெள்ளைத்தாள் வைத்து அடுக்குங்கள். ஒட்டுவதற்கு செலோடேப் வேண்டாம், சில வருஷத்தில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.